காரை யார் இறக்குவது

சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துச்
செங்கோட்டையில் சிரிக்காதவர் இல்லை.
"பஞ்சரா மேடம்?" என்கிறார் பூ கட்டுகிறவர்.
"ஆமாண்ணே, ரெண்டும்" என்கிறான் சொரிமுத்து.
ஞாயிறுதோறும் இதே கேள்வி, இதே பதில்.

நான்கு பட்டை, இரண்டு கொக்கி,
பெடல் பெயின்ட்டைக் கீறாமலிருக்க அவனுடைய பழைய பனியன்.
டிரைவர் கண்ணாடியில் சாலை தெரியாது.
கம்பிகள் தெரியும்,
கம்பிகளுக்கிடையே
துண்டு துண்டாக ஒரு பால் வண்டி.

எண்பதைத் தொட்டால் பட்டை முனகத் தொடங்கும்,
வாய் திறக்காமல், ம்ம்ம் என்று.
ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் அடங்கிவிடும்.
அவன் முறுக்குவான்.
நான் கட்டும் நாளில் முனகல்.

புளியரையில் கை காட்டினார்கள்.
"நம்பர் எங்க?"
இருந்தது, சைக்கிள்களுக்குப் பின்னால்.
கடையிலிருந்து வந்த குளுக்கோஸ் பெட்டியைக் கிழித்து
ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தொங்கவிட்டேன்.
மருந்துச் சீட்டு படிக்கிறவளின் கையெழுத்து
அன்றைக்கு மட்டும் அழகாக இருந்தது.

ஆரியங்காவில் கட்டன் சாயா.
கழுதுருட்டிவரை சேர்ந்து மிதித்துத் திரும்பினோம்,
பேச்சில்லாமல், சண்டையில்லாமல்.
கடைக்காரர் தங்கச்சன் என் சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார்.
"இத்ரயே உள்ளூ?"
தூக்க முடிந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அப்புறம்தான் விவகாரம்.
கோட்டைவாசலிலிருந்து கீழே ஒரே இறக்கம்.
ஒருவர் சைக்கிளில் போகலாம்.
மற்றவர் காரை இறக்க வேண்டும்.
கருப்பசாமி முன்னால் காசு சுண்டுவோம்,
அவர் பார்க்கும்போது யாரும் அழுகுணி ஆட்டம் ஆடுவதில்லை.
பூ விழுந்தது. எனக்கு.

சாரல்.
பிரேக் கருகும் லாரி வாசம்.
இடது, வலது, இடுப்பு மட்டும் போதும்,
யோசிக்க ஒன்றுமில்லை,
காது முழுக்கக் காற்று.

எஸ் வளைவு முடிகிற இடத்தில் கால் ஊன்றி நின்றேன்.
ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவான்.
ஜல்லி இறக்கிவிட்டு வரும் லாரி ஒன்று. இன்னொன்று.
ஒன்பதுவரை எரிச்சல்,
பதினாலுவரை கணக்கு,
அதற்கப்புறம் எண்ணவில்லை.
போனில் சிக்னல் இல்லை.

திருப்பினேன்.
ஏற்றத்துக்கு என் முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை,
அதற்காகத்தான் காரே.
கியரைக் கடைசிப் பல்லுக்கு இறக்கி
நடப்பவரைவிட மெதுவாக.
இறங்கும்போது இல்லாத மரங்களெல்லாம்
ஏறும்போது இருந்தன.
ஒரு கல்லில் எவனோ எவளுக்கோ எழுதிய பெயரைக்கூட
முழுதாகப் படித்து முடித்தேன்.

மூன்றாவது திருப்பத்தில் ஜீப்.
சொரிமுத்து நனைந்துகொண்டு
அட்டையைக் கையில் பிடித்திருந்தான்.
என் சைக்கிள் இறங்கிவிட்டதால்
நிஜ நம்பரில் பாதி வெளியே வந்திருக்கிறது.
அதில் மூன்று.
அட்டையில் மை ஒழுகி எட்டு.
"ஒரு காருக்கு எத்தனை நம்பர்யா?"

"யார் பேருல வண்டி?"
"எம் பேருல" என்றேன், மூச்சு வந்தபிறகு.
ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் ஆர்.சி. புத்தகத்தில் சொட்டியது.
அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ரேக்கில் இருந்ததைப் பார்த்தார்.
"இது என்ன வெல?"
சொரிமுத்து பாதி விலை சொன்னான்.
அதற்கே அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.
எனக்குச் சொன்னதும் அதே விலைதான்.

ஜீப் போனது.
"மீதி இறக்கம் உனக்கு" என்றேன்.
"காசு விழுந்தது உனக்குல்லா?"
"சாவி எங்கிட்ட இருக்கு."

இப்போது அவன் முன்னால் போகிறான்,
முதுகில் ஒட்டிய சட்டை,
வளைவுக்கு வளைவு இடுப்பு சாய்கிறது.
என்னைவிட நன்றாகத்தான் சாய்கிறான்.
பக்கத்து சீட்டில் அட்டை, எட்டு இன்னும் காயவில்லை.
பின்னால் ஏதோ லாரி ஹாரன் அடிக்கிறது.
கண்ணாடியில் தெரியவில்லை.
என் பின்சக்கரம்தான் தெரிகிறது,
யாரும் மிதிக்காமல்
மெல்லச் சுற்றிக்கொண்டு.